ஓ.டி.ல இருக்காங்க

மத்தியானம் இரண்டு மணி ஆனால் என் கண் இன்னும் தானாகக் கடிகாரத்துக்குப் போகிறது. தலையில் வெள்ளை முடி எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. வேலைக்குப் போகிறேன், ஒரு பெண்ணுக்கு அம்மா. ஆனாலும் அந்த நேரத்தில் எங்காவது போன் அடித்தால் என் கை உடனே போவதில்லை. என் வயதுக்காரர்களுக்கு இதில் பாதியாவது புரியும். மத்தியான நாடகத்துக்குப் பயந்து நடுங்கிக்கொண்டே அதை ஒரு நாள் விடாமல் பார்த்த கூட்டம்தானே நாம். மீதிப் பாதியைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

அது நான் ஐந்தாவது முடித்த கோடை லீவு. ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகிற வழியில், ரோட்டை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. அப்பா ஒரு கம்பெனிக்கு பஸ் ஓட்டினார். விடிவதற்கு முன் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். சித்தப்பாவுக்கு இன்னொரு கம்பெனியில் நைட் ஷிப்ட். அவர் மனைவி, என் சித்தி, மூன்றாவது கம்பெனியில் காலை ஷிப்ட். ஒரே அறையில் குடித்தனம் நடத்தும் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைதான் என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். பகலில் வீட்டில் இருந்தது அம்மா, நான், அத்தை. அத்தை, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்கா. புருஷன் போன பிறகு பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவள். டிவி ரிமோட் அவளிடம்தான் இருக்கும். அதற்கு ஒரு பாலிதீன் கவர் போட்டு ரப்பர் பேண்டால் கட்டி வைத்திருந்தாள். அந்தக் கவர் வழியாகவே அழுத்தி அழுத்தி, தேய்ந்து ஓட்டையானது ரிமோட் இல்லை, கவர்.

உள்ளறையில் சித்தப்பா பகல் முழுக்கத் தூங்குவார். அவரை எழுப்பக் கூடாது. இதுதான் எங்கள் வீட்டின் முதல் சட்டம். ஒரு தடவை நான் டம்ளரைக் கீழே போட்டு அவர் விழித்துக்கொண்டார். அடிக்கவில்லை, திட்டவில்லை. சிவந்த கண்ணோடு வாசற்படியில் வந்து நின்று என்னைப் பார்த்தார், திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார். அதற்குப் பதில் அடித்தே இருக்கலாம். அன்றிலிருந்து டிவியின் சத்தக் கோடு நாலைத் தாண்டியதில்லை. போன் மணி அவரை எழுப்பிவிடாமல் இருக்க, போனை ஒரு பழைய டர்க்கி டவலில் சுற்றி டிவிக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். அது அடித்தால் தலையணைக்குள் யாரோ அழுகிற மாதிரி கேட்கும்.

இரண்டு மணிக்கு அந்த நாடகம். மூத்த மருமகள் ஒருத்தி, அவளைக் குடும்பத்தை விட்டுத் துரத்தத் துடிக்கும் நாத்தனார் ஒருத்தி. கதை அவ்வளவுதான். ஆனால் நாத்தனார் திரும்பிப் பார்த்தால் ஒரு இசை வரும் பாருங்கள், சத்தம் நாலில் இருந்தாலும் அது என் முதுகுத்தண்டில் ஏறிவிடும். அவள் முகத்தை மூன்று தடவை காட்டுவார்கள். மூன்றாவது தடவை நான் பாவாடையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வேன், துணி வழியாகப் பார்ப்பேன். கரண்ட் போய்விட்டால் அத்தை மின்சாரக்காரர்களை ஏழு தலைமுறைக்கும் சபிப்பாள். நான் அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். நான் பார்க்காத நேரத்தில் நாத்தனார் ஏதாவது செய்துவிடுவாள் என்று நிஜமாகவே நம்பினேன்.

நம்பிக்கை டிவியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நாத்தனார் என்றால் யார் என்று அம்மாவிடம் கேட்டேன். "புருஷனோட அக்கா, தங்கச்சி. உங்க அத்தை எனக்கு நாத்தனார், உங்க சித்திக்கும் நாத்தனார்" என்றாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. அத்தை சித்தியைப் பார்க்கும் பார்வையும் அதற்குத் தகுந்த மாதிரியே இருந்தது. சித்தி மணிமங்கலத்துப் பெண். கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் குழந்தை இல்லை. கிருத்திகை தவறாமல் வல்லக்கோட்டை முருகனிடம் போய் நிற்பாள். "கோயிலுக்குப் போனா மட்டும் போதுமா? ஓ.டி. ஓ.டி.ன்னு கம்பெனிலயே குடியிருந்தா முருகன் இன்னா பண்ணுவான்?" என்று அத்தை குத்துவாள்.

ஒரு நாள் நாடகத்தில் நாத்தனார் மருமகளின் பாலில் எதையோ கலந்தாள். அடுத்த நாளிலிருந்து அத்தை சித்திக்கு ஊற்றி வைக்கும் மோரை நான் முதலில் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். வாய்க்குள் அதை வைத்துக்கொண்டு, சாவு வருகிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருப்பேன். உப்புதான் வந்தது.

"பாரேன், சித்தி மோருக்கு அலையுது இது! தனியா ஒரு சொம்பு வெச்சாலும் அதுலதான் வாயி வெக்குது" என்று அத்தை கத்துவாள். உயிரைக் கொடுத்துக் காவல் காக்கிற எனக்குத் திருட்டுப் பட்டம்.

சித்தி மூன்று இருபது பஸ்ஸில் வருவாள். முகத்தில் மிஷின் எண்ணெய் வாடை. கம்பெனியில் தூக்கிப் போடுகிற வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகள் சிலநாள் கொண்டுவருவாள். பள்ளம் பள்ளமாக இருக்கும் அந்தத் தட்டுகளில் புளியங்கொட்டையை அடுக்கி நான் விளையாடுவேன். கையை சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, என்னை முன்னால் இழுத்து உட்காரவைத்து, ரிப்பனை அவிழ்ப்பாள்.

"ம், சொல்லு. இன்னிக்கி இன்னா ஆச்சு?"

வேலைக்குப் போகிறவளுக்கு நாடகம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. கதையை நான்தான் சொல்ல வேண்டும். அவள் ரெட்டைப் பின்னல் போடுவாள், நான் சொல்வேன். அவள் விரல்கள் முடியை மூன்று காலாகப் பிரித்து இழுத்துப் பின்னுகிற வேகத்துக்கு என் கதை ஓடும். பயங்கரமான இடம் வந்தால் பின்னல் இறுகும், எனக்குக் கண் ஓரம் இழுக்கும். "ஐயையோ, அப்புறம்?" என்பாள். அந்த "அப்புறம்" கேட்பதற்காகவே கொஞ்சம் கூட்டியும் சொல்வேன். நாடகத்தில் ஒரு தடவை திரும்பின நாத்தனார் என் கதையில் நாலு தடவை திரும்புவாள். அந்த வீட்டில் நான் சொல்வதை முழுசாக உட்கார்ந்து கேட்ட ஆள் அவள் ஒருத்திதான்.

அப்புறம் இந்த ஓ.டி., ஷிப்டு முடிந்தும் நிற்கிற ஓவர் டைம். நம் பக்கத்தில் யாருக்கும் அதற்கு விளக்கம் வேண்டாம். "மாமா எங்க?" "ஓ.டி." "கல்யாணத்துக்கு ஏன் வரல?" "ஓ.டி.பா." வாரத்தில் இரண்டு நாளாவது கம்பெனியிலிருந்து போன் வரும். சித்தியோ, கூட வேலை செய்கிற யாரோ பேசுவார்கள். "சித்திக்கு இன்னிக்கி ஓ.டி. கீது, வூட்ல சொல்லிடு" என்பார்கள். நான் சொல்வேன். சித்தி ஆறு மணிக்கு வருவாள். அன்று கதை ஆறு மணிக்கு.

அந்த நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்றால் எப்போதும் பெரிய கட்டமாகத்தான் விடுவார்கள், திங்கள் வரை நம்மை வேகவிட வேண்டுமே. நாடகம் தொடங்குவதற்கு முன்னால் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. டவலுக்குள் போன் அழுதது. நான் ஓடிப்போய் எடுத்தேன்.

தெரியாத பெண் குரல். சித்தியின் பெயரைச் சொல்லி, "அவங்க வூடுங்களா?" என்றது.

"ஆமா."

"அவங்க ஓ.டி.ல இருக்காங்கம்மா. நீ யாரு பேசுறது? வூட்ல பெரியவங்க..."

அதற்குள் நாடகத்தின் பாட்டு ஆரம்பித்துவிட்டது. "சரி, சொல்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டு ஓடிவந்து உட்கார்ந்தேன்.

"யாருடீ?" என்றாள் அத்தை, கண்ணை எடுக்காமல்.

"கம்பெனிலேர்ந்து. சித்திக்கு ஓ.டி.யாம்."

"இன்னிக்குமா? அவ சோத்துல தண்ணி ஊத்தி வெச்சிடு" என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா எழுந்துபோய் ஊற்றிவிட்டு வந்தாள்.

அன்றைக்கு நாத்தனார் மருமகளை மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டாள். மருமகள் உருண்டு உருண்டு வந்தாள், ஒவ்வொரு படியிலும் ஒரு இசை. அடுத்து ஆஸ்பத்திரி. புருஷன் ஓடிவருகிறான். நர்ஸ் அவனைத் தடுத்துச் சொல்கிறாள்: "அவங்க ஓ.டி.ல இருக்காங்க." கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது.

நான் பாவாடையை முகத்திலிருந்து எடுத்தேன்.

"அத்தை, ஆஸ்பத்திரில ஏது ஓ.டி.?"

"ஆபரேஷன் பண்ற ரூமுடீ. ஆபரேஷன் தேட்டர். வாய மூடிக்கினு பாரு."

அத்தைதான் சொன்னாள். சொன்னவளுக்கே உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. கம்பெனிக்காரர்கள் என்றைக்கும் "ஓ.டி. கீது" என்பார்கள், "ஓ.டி. போட்டுட்டாங்க" என்பார்கள். "ஓ.டி.ல இருக்காங்க" என்று ஒருவரும் சொன்னதில்லை. அந்த ஒரு "ல" என் காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது.  சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. சொன்னால், போனை ஏன் முழுசாகக் கேட்கவில்லை என்பார்கள். சித்தப்பா எழுந்து வந்து அந்தக் கண்ணோடு பார்ப்பார். நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாடகம் பார்த்துப் பார்த்துப் புத்தி கெட்டுப்போச்சு என்று சிரிப்பார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று முருகனைக் கேட்டேன்.

அப்போது மறுபடியும் டவலுக்குள் போன் அடித்தது.

அம்மா பாதி எழுந்தாள். "எடுக்கட்டா, அண்ணி?"

"உக்காரு. முக்கியமான கட்டம். வேணும்னா மறுபடி அடிப்பாங்க."

நான் போனுக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்தேன். யார் கூப்பிடுகிறார்கள் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அது அடித்தது, அடித்தது, டவல் லேசாக அதிர்வதைக் கூடப் பார்த்தேன். நான் எடுக்கவில்லை. எடுத்தால் அது நிஜமாகிவிடும் என்று பயம். பதினோரு தடவை அடித்து நின்றது. திரையில் சிவப்பு விளக்கு எரிந்தபடியே நின்றது, அதன் மேல் "தொடரும்" என்று போட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் உள்ளறைக் கதவு வரை போனேன். தாழ்ப்பாளில் கையை வைத்தேன். உள்ளே சித்தப்பா குறட்டை விடுவது கேட்டது. கையை எடுத்துவிட்டேன். செருப்பு கூடப் போடாமல் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் நின்றேன். மூன்று இருபது பஸ்ஸில் சித்தி இறங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். தப்பாகப் புரிந்துகொண்ட முட்டாள் நான் என்று நானே சிரித்துக்கொள்வேன். ஒவ்வொரு கம்பெனி பஸ்ஸாக வந்தது, புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது.

சித்தியின் பஸ் வந்தது. கம்பெனியில் அவளோடு ஒரே லைனில் வேலை செய்கிற அக்கா ஒருத்தி இறங்கினாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"இன்னா பாப்பா இங்க நிக்கிற? ஆஸ்பத்திரிக்கி யாரும் போவலியா? ரெண்டு தபா போன் போட்டாங்களாமே!"

அதன் பிறகு நடந்ததெல்லாம் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. சித்தப்பா சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பைக்கை உதைத்தார். அது கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார். அத்தை அவர் எழுந்து வரும்வரை கூடக் காத்திருக்கவில்லை. மே மாதத் தார் ரோட்டில் வெறுங்காலோடு, முந்தானை தரையில் புரள, ஒரகடம் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தாள். சித்தப்பா வழியில் அவளை ஏற்றிக்கொண்டு போனார். அன்று அவள் உள்ளங்காலில் எழும்பின கொப்புளங்களுக்கு இரவு அம்மா எண்ணெய் தடவினாள். அந்தக் காலைப் பார்க்க என்னால் முடியவில்லை. அத்தை என்ன செய்துவிடுவாளோ என்று நான் கோடை முழுக்க அவள் கையையே காவல் காத்திருந்தேன். சித்திக்குக் கெடுதல் செய்தவள் மோரை ருசி பார்த்த நான்தான்.

பிரஸ் மிஷினில் சித்தியின் வலது கையில் இரண்டு விரல்கள் போயிருந்தன. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். துண்டான விரல்களை ஐஸில் வைத்துத்தான் கொண்டுபோயிருக்கிறார்கள். சென்னைக்குக் கொண்டுபோய் ஒட்டவைத்துப் பார்ப்பதா, இங்கேயே தைத்து மூடிவிடுவதா என்று வீட்டு ஆட்கள்தான் வந்து சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். கூட வந்த சூப்பர்வைசர், நான் எப்படிச் சொல்வது என்று ஒதுங்கிக்கொண்டாராம். அதைக் கேட்கத்தான் போன். யாரும் வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். உடனே போயிருந்தாலும் ஒட்டியிருக்குமா என்பது சந்தேகம்தான் என்று பின்னால் பல பேர் சொன்னார்கள். அந்தச் சந்தேகத்தில்தான் நான் இத்தனை வருஷம் குடியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் சித்தப்பா சத்தம் போட்டார். "ஒரு தபா போனை எடுத்தாங்கன்றாங்க. யாரு எடுத்தது? வூட்ல ரெண்டு பொம்பளைங்க குத்துக்கல்லாட்டம் கீறீங்க, யாரு எடுத்தது?"

அப்பா அப்போதுதான் என்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்திருந்தார். எனக்கு ஒன்றுக்கு வந்துவிடும் போல் இருந்தது. அத்தை என்னைத் தன் பக்கம் இழுத்து, புடவைக்குள் பாதி மறைத்தாள்.

"நான்தான்டா எடுத்தேன். ஓவர் டைம்னு நெனச்சிட்டேன். போதுமா?"

சித்தப்பா அவளோடு பேசுவதை அன்றோடு நிறுத்தினார். அத்தையும் அதற்குப் பிறகு நாடகம் பார்க்கவில்லை. இரண்டு மணி ஆனால் எழுந்து துணி துவைக்கப் போய்விடுவாள். ரிமோட் என் கைக்கு வந்தது. சாகிற வரை அந்தப் பழியை அவள் தன் மேலேயே வைத்துக்கொண்டாள். நான் சரியாகக் கேட்காமல் சொல்லிவிட்டேன் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். சிவப்பு விளக்கு எரிந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது என்பதையும், இரண்டாவது போன் யாருடையது என்று தெரிந்தே உட்கார்ந்திருந்தேன் என்பதையும் அவளிடம் கூட நான் சொல்லவில்லை.

அன்று இரவு சித்தியைப் பார்க்க என்னை உள்ளே விட்டார்கள். கை முழுக்கக் கட்டு. மருந்து மயக்கத்தில் கண் சொருகியது. என்னைப் பார்த்ததும் வறண்ட உதட்டை நனைத்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னிக்கி கதை இன்னா ஆச்சு, பாப்பா?"

"இந்த நெலமையில கதை கேக்குறா பாரு" என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நான் கதை சொன்னேன். மருமகள் கோயிலுக்குப் போனாள் என்றேன். சாமி கும்பிட்டாள், பத்திரமாக வீட்டுக்கு வந்தாள், நாத்தனார் கூட அன்றைக்கு ஊரில் இல்லை என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மட்டமான கதையை நான் சொன்னதே இல்லை. சித்தி "அப்புறம்?" என்று கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் சித்திதான் எனக்குத் தலை பின்னினாள். மிஞ்சின விரல்களால் பழகிக்கொண்டாள். வலது பக்கப் பின்னல் மட்டும் இறுகாது. பள்ளிக்கூடத்தில் பதினொரு மணி இடைவேளைக்குள் அவிழ்ந்துவிடும். எத்தனையோ பேர் கிண்டல் செய்தார்கள். நான் ஒரு நாளும் அதைத் திரும்பப் பின்னிக்கொள்ளவில்லை. கதையும் தினம் சொன்னேன், பத்தாவது வரை. கூட்டாமல் குறைக்காமல், நடந்ததை நடந்தபடி.

போன மே மாதம் என் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தேன். முருகன் கண் திறந்து சித்திக்கு இரண்டு பையன்கள், இரண்டு பேரும் ஷிப்டுக்குப் போகிறார்கள். மத்தியானம் சித்தி என் பெண்ணை முன்னால் உட்காரவைத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பெண் போனில் ஏதோ நாடகத்தைத் துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. நான் எழுந்து அந்தப் பக்கம் போகப் பார்த்தேன்.

"உக்காரு" என்றாள் சித்தி. பின்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கை போன அப்புறம் வந்த திங்கக்கிழமை வார்டுல டிவி போட்டாங்க. போன தடவ நடந்தது இன்னான்னு மொதல்ல காட்டுவானே, அதைப் பார்த்தேன். அந்தப் பொண்ண ஓ.டி.ல வெச்சிருக்காங்க, செவப்பு லைட்டு எரியுது. நீ சொன்ன கதையில அவ கோயிலுக்குப் போயிட்டா."

எழுந்தவள் உட்கார்ந்தேன். என் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பவே தெரியுமா சித்தி?"

"தெரியும். ஊசி போட்டு கைதான் மரத்துப் போச்சு, நான் முழிச்சிக்கினுதான் இருந்தேன். அந்தக் கதவையே பார்த்துக்கினு படுத்திருந்தேன், யாருனா வருவீங்கன்னு. டிவில அதைப் பார்த்ததும், ஓ.டி.ன்னா இன்னான்னு தெரிஞ்சும் நீ யார்கிட்டயும் சொல்லலன்னு புரிஞ்சிபோச்சு, உன் மேல கோவம் வந்துச்சு. நல்லாவே வந்துச்சு."

"ஏன் ஒரு தடவை கூடக் கேக்கல?"

சித்தி வலது பக்கத்துக்கு மூன்று கால் பிரித்தாள். "கேட்டா அப்புறம் நீ எனக்கு கதை சொல்லியிருப்பியா? அந்த வூட்ல என் பக்கத்துல உக்காந்து பேச வேற யாரு இருந்தா?"

நான் அழுதேன். பெண் முன்னால் அழக் கூடாது என்பதெல்லாம் அப்போது நினைவில்லை. சித்தி பின்னிக்கொண்டே இருந்தாள். மூன்றாவது கால் அவள் பிடியிலிருந்து நழுவி நழுவி வந்தது. நான் எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஒரு காலைப் பிடித்துக்கொண்டேன்.

"இறுக்கிப் புடி" என்றாள் சித்தி.